ஆபீஸ் இன்சூரன்ஸ் போர்ட்டல் 20-ஆம் தேதி மூடறாங்க: அப்பா அம்மாவைச் சேர்த்தா அவங்க பழைய பாலிசியை விட்றலாமுங்களா?

கோபி வாய்க்கால் கேட்டது:

வணக்கமுங்க. சரவணம்பட்டில ஐ.டி. வேலை. கம்பெனி குரூப் பாலிசி ஏப்ரல் 1-ல புதுசாகுது. ஆள் சேர்க்கற போர்ட்டல் மார்ச் 10-ல இருந்து 20 வரைக்கும்தான் திறந்திருக்கும். எனக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் 5 லட்சம் கம்பெனியே கட்டிருது. அப்பா அம்மாவைச் சேர்த்தா பிரீமியத்தை நம்ம சம்பளத்துல பிடிப்பாங்க.

3 லட்சம்னா 19,500 + 18% ஜி.எஸ்.டி. = 23,010 ரூபாய்.
5 லட்சம்னா 28,000 + 18% ஜி.எஸ்.டி. = 33,040 ரூபாய்.

ரெண்டுக்கும் 20% கோ-பே (ஒத்துக்கற பில்லுல அந்தப் பங்கை நாமளே கட்டறது). ரூம் வாடகை நாளுக்கு கவரேஜ் தொகைல 1%, ஐ.சி.யூ.வுக்கு 2%. வெயிட்டிங் பீரியட் கிடையாது, இருக்கற வியாதிக்கும் முதல் நாள்ல இருந்தே கவர்னு மெயில்ல போட்டிருக்காங்க.

அப்பாவுக்கு 67, சுகரும் பி.பி.யும் இருக்கு. அம்மாவுக்கு 61, மூட்டுத் தேய்மானம். கோபில இருக்காங்க. 2019-ல இருந்து அவங்க ரெண்டு பேருக்கும் தனியா ஒரு ஃப்ளோட்டர் பாலிசி (ஒரே தொகையை ரெண்டு பேரும் பகிர்ந்துக்கறது) விடாம கட்டிட்டு வர்றோம். 3 லட்சம், கிளைம் எடுக்காததுக்கு போனஸ் ஏறி இப்ப 4.5 லட்சம். வருசத்துக்கு 26,500. ரினீவல் மே 14.

ரெண்டையும் வெச்சிருந்தா கிட்டத்தட்ட 60,000 ஆகுது. பழசை விட்டுட்டு கம்பெனி பாலிசி மட்டும் போதுமுங்களா? அதுல 3 எடுக்கறதா, 5 எடுக்கறதா? போர்ட்டல்ல ஏத்தறப்ப என்ன பார்க்கோணும்?


நொய்யல் கரை:

பழசை விடாதீங்க. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்.

காரணம் இதுதான். குரூப் பாலிசி உங்க வேலையோட ஒட்டிக்கிட்டு இருக்கறது. வேலையை விட்ட அன்னைக்கு அப்பா அம்மா கவரும் போச்சு. நீங்க மாறாட்டியும், அடுத்த வருசம் கம்பெனி "பெற்றோர் கவர் இனி இல்லை"ன்னு ஒரு மெயில் போட்டாப் போதும். அன்னைக்கு 68 வயசுல, சுகர் பி.பி.யோட புதுசா தனிப் பாலிசிக்குப் போய் நின்னா என்ன ஆகும்? வயசைக் காட்டி மறுக்கற வரம்பை 2024-ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) எடுத்துட்டாங்க, சரி. ஆனா உடம்பு நிலையைப் பார்த்து வேண்டாம்னு சொல்ற உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இருக்கு. கொடுத்தாலும் பிரீமியத்துல லோடிங் (கூடுதல் தொகை) போடுவாங்க, இருக்கற வியாதிக்கு 36 மாசம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லுவாங்க.

உங்க 2019 பாலிசில அந்தக் காத்திருப்பெல்லாம் தீர்ந்து போச்சு. அதைவிட முக்கியமா, 60 மாசத்தையும் தாண்டிருச்சு. அஞ்சு வருசம் தொடர்ந்து கட்டின பாலிசில, "சேரும்போது வியாதியைச் சொல்லலை"ன்னு காரணம் காட்டி கிளைமைத் தள்ள முடியாது. மோசடின்னு நிரூபிச்சாத்தான் உண்டு. முன்னே இது எட்டு வருசமா இருந்துச்சு, 2024-ல அஞ்சாக் குறைச்சாங்க. கவரேஜ் தொகையை நடுவுல கூட்டியிருந்தா கூட்டின பகுதிக்குத் தனியா கணக்கு ஓடும், அதையும் பார்த்துக்குங்க.

சில ஏஜென்டுங்க சுகரை மறைச்சு எழுதிக் கொடுத்துட்டு "அஞ்சு வருசம் போனா ஒண்ணும் பண்ண மாட்டாங்க"ன்னு சொல்றாங்க. அந்த அஞ்சு வருசத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போனா யார் கட்டறதுன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு: 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர், குடும்ப ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. உங்க 26,500-ல வரி சேர்ந்திருக்கான்னு பழைய ரசீதைப் பாருங்க. போன மே மாசம் கட்டினதுன்னா வரியோடதான் கட்டியிருப்பீங்க, பிரீமியம் ஏறலைன்னா இந்த வருசம் குறையோணும். குரூப்புக்கு 18% அப்படியேதான் இருக்கு.

பழைய இன்சூரன்ஸ் கம்பெனி பிடிக்கலை, வேற இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாத்தணும்னா அதுக்குப் பேரு போர்ட்டிங், விட்றது இல்லை. ரினீவலுக்கு 45 நாளுக்கு முன்னாடியே விண்ணப்பம் போய்ச் சேரோணும். உங்களுக்கு மே 14-ன்னா மார்ச் 30 கடைசி. காத்திருப்புல கிடைச்ச வரவு பழைய தொகை அளவுக்குக் கூடவே வரும். ஆனா 67 வயசு சுகர்காரரை எடுத்துக்கறதா வேண்டாமான்னு புதுக் கம்பெனிதான் முடிவு பண்ணும். அவங்க எழுத்துல "சரி"ன்னு சொல்ற வரைக்கும் பழசுக்குக் கட்டாம இருந்துறாதீங்க. கருணைக் காலம் 30 நாள் இருக்கு, ஆனா வருசாந்திர பிரீமியம்னா அந்த இடைவெளில அட்மிட் ஆனதுக்குப் பணம் வராது.


பில்லிங் கவுண்டர்:

நொய்யல் அண்ணன் சொன்னது சரி. நான் 3-ஆ 5-ஆங்கறதுக்கு மட்டும் கணக்குச் சொல்றேன், ஏன்னா இதை எல்லாரும் தப்பாப் பார்க்கறாங்க. "3 லட்சத்துக்கு மேல பில் வருமா"ன்னுதான் யோசிக்கறாங்க. இந்த மாதிரி பாலிசில கேள்வியே ரூம் வாடகைதான்.

1% வரம்புன்னா 3 லட்சத்துக்கு நாளுக்கு 3,000 ரூம். 5 லட்சத்துக்கு 5,000 ரூம். இப்ப அம்மா அஞ்சு நாள் 5,000 ரூபா தனி ரூம்ல இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. பில் இப்படி வருது:

ரூம் 25,000
டாக்டர், தியேட்டர், நர்சிங் 1,20,000
மருந்து, இம்பிளான்ட், டெஸ்ட் 90,000
மொத்தம் 2,35,000

3 லட்சம் பாலிசி: ரூமுக்கு 15,000 மட்டும் ஒத்துக்குவாங்க. அதோட விட மாட்டாங்க. 5,000-க்கு 3,000-னா 60%, அந்த விகிதத்துலயே டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாத்தையும் வெட்டுவாங்க. 1,20,000 போய் 72,000 ஆகும். மருந்து, இம்பிளான்ட், டெஸ்ட்டை இப்படி வெட்டக் கூடாதுங்கறது விதி, அதனால 90,000 முழுசா நிக்கும். ஆக 1,77,000. அதுல 20% கோ-பே 35,400. கையில வர்றது 1,41,600. நீங்க கட்டறது 93,400.

5 லட்சம் பாலிசி: எதுவும் வெட்டில்லை. 2,35,000-ல 20% கோ-பே 47,000. வர்றது 1,88,000.

வித்தியாசம் 46,400. பிரீமியம் வித்தியாசம் 10,030. வார்டுலயோ 3,000 ரூம்லயோ படுக்க அம்மா சரின்னா 3 லட்சமே போதும். தனி ரூம்தான் வேணும்னா 5 எடுங்க. கோயமுத்தூர்ல நீங்க போற ஆஸ்பத்திரில ரூம் வாடகைப் பட்டியலை இப்பவே கேட்டு வாங்குங்க, போர்ட்டல் மூடின பிறகு கேட்டு என்ன பண்றது. கேட்கறப்ப "ரூம் வாடகைல நர்சிங் சார்ஜ் சேர்ந்ததா, தனியா"ன்னும் கேளுங்க. பல பாலிசில வரம்பு ரெண்டையும் ஒட்டுக்கா சேர்த்துத்தான்.

அடுத்தது சப்-லிமிட். "வெயிட்டிங் பீரியட் இல்லை"ங்கறதைப் பெரிய எழுத்துல போடுவாங்க. மூட்டு மாற்றுக்கு ஒரு முட்டிக்கு இவ்வளவுதான், கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான்ங்கறது பெற்றோர் கவர்ல தனித் தாள்ல இருக்கும். ஹெச்.ஆர். கிட்ட அந்தத் தாளைக் கேட்டு வாங்காம 20-ஆம் தேதியைத் தாண்டாதீங்க. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் வரப் போகுதுன்னா உங்க முடிவுக்கு அந்த ஒரு வரிதான் எல்லாம்.

இப்ப பேரு. கவுண்டர்ல பாதி நேரம் இதுல போகுது. நம்ம ஊர்ல இனிஷியல், போர்ட்டல்ல "கடைசிப் பெயர்" கட்டாயம். ஒருத்தர் இனிஷியலை முன்னால போடுவாங்க, ஒருத்தர் பின்னால, ஒருத்தர் தாத்தா பேரை முழுசா விரிச்சு எழுதுவாங்க, சிலர் புள்ளி ஒண்ணு வெச்சு விட்ருவாங்க. அட்மிஷன் அன்னைக்கு ஆதார் ஒண்ணு சொல்லும், ஈ-கார்டு ஒண்ணு சொல்லும், டி.பி.ஏ. (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளைமைப் பார்க்கற நிறுவனம்) "பெயர் பொருந்தவில்லை"ன்னு கேள்வி போட்டு அனுப்பும். அதனால அப்பாவோட ஆதாரை முன்னால வெச்சுக்கிட்டு, ஆங்கில எழுத்துல அதுல எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏத்துங்க. கடைசிப் பெயர்ங்கற கட்டத்துல ஆதார்ல இருக்கற அதே இனிஷியலைப் போடுங்க.

பிறந்த தேதியும் அப்படித்தான். ஊர்ல இருக்கற பெரியவங்க ஆதார்ல பாதிக்கு வெறும் வருசம்தான் இருக்கும், இல்லாட்டி ஜனவரி 1. போர்ட்டல் முழுத் தேதி கேட்டா ஆதார்ல இருக்கறதைப் போடுங்க, வீட்டுல சொல்ற தேதியைப் போடாதீங்க. பழைய பாலிசில வேற தேதி இருந்தா முதல்ல ஆதாரைத் திருத்திட்டு, அப்பறம் ரெண்டு பாலிசிலயும் எழுதிக் கொடுத்து மாத்துங்க.


பனியன் ஹெச்.ஆர்.:

போர்ட்டல் பத்தி நானும் சொல்லிர்றேன்.

பெற்றோரை நடு வருசத்துல சேர்க்க முடியாதுங்க. நடுவுல சேர்க்கறதுக்கு வழி இருக்கறது புதுசா வேலைக்கு வந்தவங்க, புதுசா கல்யாணம் ஆனவங்க, பிறந்த குழந்தை, இவ்வளவுதான். அதுக்கும் பெரும்பாலும் 30 நாள் கெடு. 21-ஆம் தேதி காலைல "நெட் வரலை, மறந்துட்டேன்"னு வர்றவங்களுக்கு எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, பட்டியல் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போயிரும். நாங்க வில்லனுங்க இல்லை.

அப்பா அம்மா, இல்லாட்டி மாமனார் மாமியார். ஒரு ஜோடிதான். அப்பாவையும் மாமியாரையும் கலந்து போட பல கம்பெனில விட மாட்டாங்க. ஒரு தடவை ஒரு ஜோடியைத் தேர்ந்தா அடுத்த வருசம் மாத்த முடியாதுன்னு விதி வெச்சிருக்கற கம்பெனியும் உண்டு, அதே மாதிரி "இந்த வருசம் வேண்டாம்னு விட்டவங்க அடுத்த வருசமும் சேர முடியாது"ன்னும் இருக்கும். விதித் தாள்ல இந்த ரெண்டு வரியையும் தேடுங்க.

பேரைச் சேர்த்ததோட வேலை முடியலை. நிறையப் பேர் "சேமி"யோட நிறுத்திர்றாங்க. அது வரைவாத்தான் கிடக்கும். கடைசியா சம்பளப் பிடித்தத்துக்கு ஒப்புதல் டிக் பண்ணி "சமர்ப்பி" கொடுத்தாத்தான் கணக்குல ஏறும். அப்பறம் வெளிய வந்து மறுக்கா லாகின் பண்ணி, ரெண்டு பேர் பேரும், தொகையும், "சமர்ப்பிக்கப்பட்டது"ங்கற நிலையும் ஒரே பக்கத்துல தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. உறுதி மெயில் வரலைன்னா 20-க்குள்ளயே எங்களுக்கு எழுதுங்க.

ஏப்ரல் 1-லயே ஈ-கார்டு கையில இருக்காது, ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள ஆஸ்பத்திரி போக வேண்டி வந்தா எம்ப்ளாயி நம்பரும் பாலிசி நம்பரும் போதும், டி.பி.ஏ. உதவி எண்ணை இப்பவே வாங்கி அப்பா அம்மா போன்லயும் ஏத்தி வையுங்க.

பிரீமியம் ஒரே மாசத்துல பிடிப்பாங்களா, மூணு தவணையான்னு கேட்டுக்குங்க. நடுவுல வேலையை விட்டா மீதித் தவணையை ஃபைனல் செட்டில்மென்ட்ல கழிச்சிருவாங்க. கிளைம் எடுத்திருந்தா பிரீமியம் திரும்பி வராது.


காங்கேயம் காளை:

நடுவுல ஒரு கேள்வி. திருப்பூர்ல பனியன் கம்பெனி, சம்பளம் 19,500. எங்களுக்கு இந்த மாதிரி போர்ட்டலே கிடையாது, அரசோட ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) தான். அப்பா அம்மாவுக்குத் தனியா பாலிசி எடுத்தே ஆகோணுமா?


பனியன் ஹெச்.ஆர்.:

முதல்ல ஈ.எஸ்.ஐ.ல அவங்களைச் சேர்த்திருக்கீங்களான்னு பாருங்க. மாசம் 21,000 வரைக்கும் சம்பளம்னா ஈ.எஸ்.ஐ. உண்டு, உங்க பங்கு 0.75%, கம்பெனி பங்கு 3.25%. பெற்றோர் உங்களை நம்பி இருந்து, அவங்களோட எல்லா வருமானமும் சேர்ந்து மாசம் 9,000-க்குள்ள இருந்தா குடும்பத்துல சேர்க்கலாம். பலபேருக்கு மனைவி குழந்தை பேரு மட்டும்தான் இருக்கும். கம்பெனி ஆபீஸ்ல சொல்லி, ஆதாரும் போட்டோவும் கொடுத்து ஏத்தச் சொல்லுங்க, கெடு தேதியெல்லாம் இல்லை.

ஒண்ணு கவனம். சம்பளம் 21,000-ஐத் தாண்டினா எந்த மாசத்துல தாண்டுதுங்கறது முக்கியம். பங்களிப்புக் காலம் ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்னு ரெண்டு. ஜூலைல ஏத்தினா செப்டம்பர் 30 வரைக்கும் பிடித்தமும் தொடரும், ஈ.எஸ்.ஐ.யும் தொடரும். ஏப்ரல் 1-ல ஏத்தினா அன்னைக்கே பிடித்தம் நின்னுரும். கம்பெனில குரூப் பாலிசி இருந்தா அன்னையில இருந்தே சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்க.


கோபி வாய்க்கால்:

எல்லாருக்கும் நன்றிங்க. 5 லட்சமே போட்டர்றேன், பழசையும் விடலை. ரெண்டு பாலிசி இருந்தா கிளைம் எதுல முதல்ல போடறது? ரெண்டுலயும் போட்டா தப்பாகுமா? போர்ட்டல்லயே 15 லட்சம் சூப்பர் டாப்-அப் ஒண்ணும் காட்டுது, அது வேணுமுங்களா?


நொய்யல் கரை:

எதுல முதல்ல போடறதுங்கறது உங்க இஷ்டம். நான் சொன்னா குரூப்புல முதல்ல போடுங்க. பழசுல கிளைம் இல்லாம போனா போனஸ் அப்படியே நிக்கும்.

குரூப்புல வெட்டினதை, கோ-பே 20% உட்பட, பழைய பாலிசில அதோட விதிப்படி கேட்கலாம். பில்லிங் சொன்ன உதாரணத்துல மீதி 47,000-த்துக்கு அங்க போடலாம். ஒரே செலவை ரெண்டு இடத்துலயும் முழுசா வாங்கறதுதான் தப்பு. அட்மிஷன் அன்னைக்கே ரெண்டு கம்பெனிக்கும் தகவல் கொடுத்துருங்க, திட்டமிட்ட ஆபரேஷன்னா ரெண்டு மூணு நாள் முன்னாடியே. டிஸ்சார்ஜ் ஆனதும் ஆஸ்பத்திரில இருந்து சீல் போட்ட பில் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, டெஸ்ட் ரிப்போர்ட்டு எல்லாம் வாங்குங்க. முதல் கம்பெனி கொடுக்கற செட்டில்மென்ட் கடிதத்துல எதுக்கு எவ்வளவு வெட்டினாங்கன்னு வரி வரியா இருக்கோணும். அது இல்லாம ரெண்டாவது கம்பெனி ஃபைலைத் தொட மாட்டாங்க.

டாப்-அப்புக்கும் சூப்பர் டாப்-அப்புக்கும் வித்தியாசம் பாருங்க. ரெண்டுமே ஒரு தொகைக்கு மேல போற செலவுக்குத்தான் கொடுக்கும், அந்தத் தொகைதான் டிடக்டிபிள். அது 5 லட்சம்னு வெச்சுக்குவோம். ஜூன்ல 4 லட்சம் பில், டிசம்பர்ல 3.5 லட்சம் பில். வெறும் டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாப் பார்க்கும், ரெண்டுமே 5-ஐத் தாண்டலை, அதனால ஒரு பைசா வராது. சூப்பர் டாப்-அப் வருசத்துக்கு ஒட்டுக்கா கூட்டும், 7.5-ல 5 போக 2.5 லட்சம் கொடுக்கும்.

போர்ட்டல்ல காட்டறது விலை குறைவா, வெயிட்டிங் இல்லாம இருந்தா இந்த வருசத்துக்கு எடுத்துக்குங்க. ஆனா அதுவும் வேலையோட போயிரும். உங்களுக்கும் மனைவிக்கும் இப்ப வயசு இருக்கு, உங்க பேர்ல ஒண்ணு தனியா வெளிய எடுத்துப் போடுங்க. டிடக்டிபிள் தொகையை இன்சூரன்ஸ்தான் கட்டோணும்னு இல்லை, வேலை மாறற இடைவெளில கையிருப்புல கட்டினாலும் மேல இருக்கறது கிடைக்கும்.

வரி பத்தி: பழைய வரி முறைல இருந்தாத்தான் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு வருமான வரிக் கழிவு (80-டி-ன்னு சொல்லிட்டு இருந்தது). பெற்றோர் 60 தாண்டினவங்கன்னா அவங்களுக்குக் கட்டினதுல 50,000 வரைக்கும். 33,040-உம் 26,500-உம் சேர்ந்து 59,540, அதுல 50,000-த்தோட நின்னுரும். சம்பளத்துல பிடிச்சது கம்பெனி கொடுக்கற வரிப் பிடித்தச் சான்றுல வந்திருக்கான்னு பாருங்க. கம்பெனி உங்களுக்காகக் கட்டறதை நீங்க காட்ட முடியாது. ரொக்கமாக் கட்டின பிரீமியத்துக்கும் கழிவு இல்லை, ஏஜென்ட் கையில காசு கொடுக்கற பழக்கம் இருந்தா நிறுத்திருங்க.


பில்லிங் கவுண்டர்:

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிவானா, அட்மிஷனுக்கு முன்னாடி 30 நாள், டிஸ்சார்ஜுக்கு அப்பறம் 60 நாள் செலவும் பொதுவா வரும். பிசியோதெரபி, எக்ஸ்ரே, மாத்திரை பில் எல்லாம் அதுல சேரும். கோபில மெடிக்கல்ல வாங்கறப்ப அம்மா பேரும் தேதியும் போட்ட பில் கேளுங்க, துண்டுச் சீட்டு செல்லாது. டாக்டர் சீட்டும் கூட இருக்கோணும்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஃபைனல் பில் போனதுக்கப்பறம் மூணு மணி நேரத்துக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனி பதில் சொல்லோணும்னு 2024 விதி. அதைத் தாண்டித் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாப் போடற தொகையை அவங்கதான் ஏத்துக்கோணும். முதல் அனுமதிக்கு ஒரு மணி நேரம். ஃபைனல் பில் எத்தனை மணிக்கு அனுப்பினாங்கன்னு கவுண்டர்ல கேட்டு எழுதி வெச்சுக்குங்க, மணி தெரிஞ்சாத்தான் கேட்க முடியும்.


காங்கேயம் காளை:

ஈ.எஸ்.ஐ. பதிலுக்கு நன்றிண்ணா. முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டும் இருந்தா நல்லதுன்னு சொல்றாங்களே, அதுக்கும் இந்த மாதிரி மாசம் தேதி இருக்கா?


பனியன் ஹெச்.ஆர்.:

இல்லை, வருசம் பூரா சேரலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கோணும், வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகோணும். குடும்பம்னா ரேஷன் கார்டுல இருக்கற பேருங்க. உங்க பேரும் அதே கார்டுல இருந்தா 19,500 சம்பளத்துக்கு வருசம் 2,34,000, வரம்பு தாண்டிரும். அப்பா அம்மாவுக்குத் தனி கார்டு ஏற்கெனவே இருந்தா அவங்க பேர்ல கேட்டுப் பாருங்க. சந்தேகம்னா 1800 425 3993, கட்டணமில்லா எண்.